தறி நின்ற வாரத்தில் முடிந்த ஆட்டம்

1. டக்

மாலை ஷிஃப்டுக்கு விசைத்தறிகள் ஓடத் தொடங்கியதும் எங்கள் வீட்டு ஸ்டெபிலைசர் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். டி.வி. ஒரு கணம் இருண்டு மறுபடி வரும். திரையில் கேமின் முதல் பக்கம் நிற்கும். மத்தியானத்திலிருந்து ஆடியதெல்லாம் போச்சு.

வீடியோ கேம் விமர்சனம் இன்றைக்கு எத்தனையோ பேர் செய்கிற வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து அதை நான் செய்தேன் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் கேட்டதால் நடந்ததை எழுதி வைக்கிறேன். பெருமைக்கு எழுதவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அப்போது நான் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காலை நேர இன்ஸ்ட்ரக்டர். மெட்ராஸிலிருந்து வரும் ஒரு கம்ப்யூட்டர் மாத இதழை அங்கே வாங்குவார்கள். கடைசிப் பக்கம் கேம் விமர்சனம். ஒரு மாதம், நான் ஆடியிருந்த சின்ன கேம் ஒன்றைப் பற்றி 'நூறு லெவல்கள், நூறு அதிசயங்கள்' என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் எட்டு லெவல்தான் உண்டு. ஒன்பதாவது என்று வருவது முதல் லெவல்தான், வானத்தின் நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். அட்டைப் பெட்டியின் முதுகைப் பார்த்து எழுதுகிறீர்களா என்று ஒரு போஸ்ட் கார்டு போட்டேன். 'முடிவு வரை ஆடாதவர் விமர்சனம் எழுதக் கூடாது' என்று கடைசியில் ஒரு வரி வேறு. அந்த வரி பிறகு என் கழுத்துக்கே வரும் என்று அப்போது தெரியாது.

சென்டர் நம்பருக்கு இதழாசிரியரே போன் செய்தார்.

"மேடம், கார்டு பார்த்தேன். ரொம்பக் கோபக்காரங்களா இருக்கீங்க. அடுத்த மாசத்திலிருந்து நீங்களே எழுதுங்களேன். உங்க ரூல்படியே, முடிவு வரைக்கும் ஆடிட்டு எழுதுங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் யாரும் என்னிடம் 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்டதில்லை. மாதம் ஒரு பக்கம் முழுக்க நான் நினைப்பதை அச்சடிக்கிறேன் என்கிறார் ஒரு மனிதர். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

2. மூன்று மெஷின்கள்

விமர்சிக்கச் சாமான் வேண்டுமே. பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மதுரையிலிருந்து சரக்கு எடுப்பார். டி.வி. கேம் கேசட், கையில் வைத்துக் கட்டம் கட்டமாக அடுக்கி ஆடும் செங்கல் கேம் எல்லாம் அவரிடம் வரும். ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு என்பது ஏற்பாடு. கம்ப்யூட்டர் கேம்கள் ஃப்ளாப்பியில் சென்டருக்கே வந்துவிடும்.

கையில் வைத்து ஆடுவதை முதலில் எடுத்தேன். பேட்டரியில் ஓடுவதால் அதற்குக் கரண்ட் கவலை கிடையாது. பரளச்சியில் என் அக்கா வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே ஆடி முடிக்கலாம். அட்டையில் ஆயிரக்கணக்கான கேம்கள் என்று போட்டிருந்தது. உள்ளே பத்துக்குள்தான். அவற்றையே வேகத்தை மாற்றி மாற்றி எண்ணியிருந்தார்கள். அப்படியே எழுதினேன். இதழ் வந்த அன்று அண்ணாச்சி என்னைக் கடை வாசலில் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா டீச்சரு, ஒன்ன நம்பிச் சாமானைக் குடுத்தா என் கடைக்கு மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"உள்ளதத்தான எழுதுனேன் அண்ணாச்சி. ஒரே கேம திரும்பத் திரும்ப எண்ணியிருக்கான்."

"எண்ணுனவன் எங்கிட்டோ இருக்கான். விக்கிறவன் நானு. நடுவுல எண்ணிப் பாக்குறதுக்குன்னு ஒருத்தி வந்து சேந்திருக்க!"

ஆனால் அந்தச் செங்கல் கேம் முன்னைவிட நன்றாகவே விற்றது. அண்ணாச்சியும் கோபத்தை மறந்து அடுத்த சாமானைக் கொடுத்தார். என் பக்கத்தை ஊரில் வேறு யாரும் படிக்கவில்லை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கேம் கதை வேறு. சென்டரில் இருந்தவை கறுப்பு வெள்ளை மானிட்டர்கள். கார் ரேஸ் ஒன்றைச் சாம்பல் நிறத்திலேயே ஆடி முடித்தேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, பார்க்காததை எப்படி எழுத? அச்சில் வந்தபோது 'வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன' என்று ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது. ஆசிரியரிடம் கேட்டேன். "சின்னதா ஒரு டச் குடுத்தேன் மேடம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் பக்கம் கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

3. நான்காவது கோட்டை

பிறகு அண்ணாச்சியிடமிருந்து அந்த டி.வி. கேம் கேசட் வந்தது. அதன் பெயர் என்ன என்று இன்றுவரை தெரியாது. எழுத்தெல்லாம் ஜப்பானிய எழுத்து. விளக்கு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒருவன் பாலைவனத்தில் நடந்துகொண்டே இருப்பான். வழியில் ஏழு கோட்டைகள். சண்டை குறைவு, வழி கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. விளக்கில் எண்ணெய் குறையக் குறைய அவன் நடை தளரும். நான் பார்த்தவற்றிலேயே நல்ல கேம் அதுதான். இரண்டாவது கோட்டையைத் தாண்டும்போதே இதைப் பற்றி எழுதத்தான் இந்த வேலைக்கு வந்தோம் என்று தோன்றிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அதில் கிடையாது. ஒரே மூச்சில் ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க ஆட வேண்டும். அருப்புக்கோட்டையில் ஒரே மூச்சில் ஒரு பகல் கரண்டுக்கு எங்கே போவது? எங்கள் தெருவைச் சுற்றி அத்தனையும் தறி ஓடும் கொட்டகைகள், செட்டுகள் என்போம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது ஒரு தரம் வோல்டேஜ் விழும். மாலை ஷிஃப்டுக்கு ஒரு தரம். நடுவில் அதன் இஷ்டத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு என்றால், அன்றைக்கென்று பார்த்து லைன் வேலை என்று கரண்டையே நிறுத்திவிடுவார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை முடிந்து வருவதற்குள் ஃபேன் நின்றிருக்கும்.

நான்காவது கோட்டைக்கு மேல் ஒரு நாளும் போக முடியவில்லை. என் வீட்டுக்காரர் அந்தச் செட்டுகளில் ஒன்றில்தான் தறி ஓட்டினார். பகல் ஷிஃப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சு ஒட்ட அவர் வீட்டுக்குள் வரும் நேரமும் ஸ்டெபிலைசர் 'டக்' என்னும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

"என்ன ரோசு, இன்னைக்கும் போச்சா?"

"போகாம? உங்க மொதலாளி சுவிட்சப் போட்டுட்டாருல்ல."

"அதுக்கு என்னைய மொறைச்சா? நான் சோத்துக்கு ஓட்டுறவன். நீ பேசாம முடிவு நல்லாருந்துச்சுன்னு எழுதிவிட்ரு. யாரு வந்து பாக்கப் போறா?"

"பாக்காம எழுத மாட்டேன்."

"அப்ப எங்க செட்டப் பூட்டுனாத்தான் உனக்கு முடிவு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் குளிக்கப் போவார். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டு மாதம் வேறு சின்னக் கேம்களை எழுதிச் சமாளித்தேன். ஆசிரியரிடம் இந்தக் கேசட்டைப் பற்றி வாய் விட்டிருந்ததால் அவர் விடவில்லை. "அடுத்த இதழ்ல அது வந்தாகணும் மேடம். அட்டையிலேயே அறிவிச்சாச்சு. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, இங்க ஒரு பையன் கேட்டுட்டு இருக்கான், பக்கத்தை அவன்கிட்ட குடுத்துடறேன்." அந்தப் பையன் பெட்டியின் முதுகைப் பார்த்து எழுதுகிறவன் என்று எனக்குத் தெரியும். என்னுடையது என்று சொல்ல எனக்கு இருந்தது அந்த ஒரு பக்கம்.

4. தறி நின்ற வாரம்

அந்த மாதம் நூல் விலை தாறுமாறாக ஏறியது. நெய்தால் நஷ்டம் என்று முதலாளிகள் செட்டுகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு தெருத் தெருவாக. ஒரு திங்கட்கிழமை காலையில் விழித்தபோது காதுக்குள் என்னவோ ஆகிவிட்டதாக நினைத்தேன். தறிச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் குழந்தை இருமுவது கேட்டது.

ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். முள் இருநூற்று முப்பதில் ஆடாமல் நின்றது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் நிற்பது கண்ணில் பட்டது. சென்டருக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாரநாளில், பகல் வெளிச்சத்தில், அவர் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தது கல்யாணம் ஆன பிறகு அதுதான் முதல் தடவை.

"யாரத் தேடிப் போறான் இவன்?"

"தெரியல. எழுத்துப் படிக்க முடியலையே. கடைசிக்குப் போனாத் தெரியும்."

நான்காவது கோட்டையைத் தாண்டினேன். தெருவில் ஆட்கள் கூடிக் கூடிப் பேசும் சத்தம் கேட்டது. யார் யார் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார்கள் என்ற பேச்சு. ஐந்தாவதைத் தாண்டியபோது அவர் ஸ்டெபிலைசரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வோல்டேஜு நல்லா நிக்குதுல்ல?"

"ம்."

"நாங்க நின்னாத்தான் அது நிக்குது."

என்னால் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கை மட்டும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. ஆறாவது கோட்டை. விளக்கில் எண்ணெய் ஒரு சொட்டு. மாலை ஷிஃப்டு நேரம் வந்தது. பழக்கத்தில் என் தோள் தானாக இறுகியது. 'டக்' வரவில்லை. ஏழாவது கோட்டையின் கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. திரை கறுத்தது. வெள்ளையாக நாலு வரி எழுத்து வந்து, கொஞ்ச நேரம் நின்று, மறைந்தது. பிறகு முதல் பக்கம். மறுபடி அதே பாலைவனம், அதே ஆள், கையில் விளக்கு.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"அந்த எழுத்துல என்ன போட்டிருக்கான்?"

"தெரியாதுங்க."

"படிக்கத் தெரியாத நாலு வரிக்கா காலையில இருந்து சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்த?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எழுந்து போய்ப் பரணிலிருந்து ரெக்ஸின் பையை இறக்கித் தூசி தட்டினார். மறுநாள் திருப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

5. கடைசி வரி

அவர் போன அன்றே விமர்சனத்தை எழுதினேன். விளக்கைப் பற்றி, நடை தளர்வதைப் பற்றி, முடிவில் படிக்க முடியாத நாலு வரி வருவதைப் பற்றி, எல்லாம் உள்ளபடி. கடைசி வரியாக இதைப் போட்டேன்: 'எங்கள் ஊரில் தறிகள் எல்லாம் நின்றுபோனதால்தான் இந்த ஆட்டத்தை என்னால் முடிக்க முடிந்தது.'

ஆசிரியர் போன் செய்தார். "பிரமாதம் மேடம். ஒரே ஒரு வரியை எடுத்துட்டேன். தறி நின்னுச்சுன்னு ஏதோ எழுதியிருந்தீங்க. அது கேம் பத்தினது இல்லையே?"

"அதுவும் கேம் பத்தினதுதான் சார்."

"வாசகருக்கு அது எதுக்கு மேடம்? அப்புறம் முடிவு கொஞ்சம் சப்புன்னு இருந்தது. சின்னதா ஒரு டச் குடுத்திருக்கேன்."

என்ன டச் என்று நான் கேட்கவில்லை. இதழ் வந்தபோது பார்த்தேன். 'ஏழாவது கோட்டையின் கதவு திறக்கும் அந்த நிமிடம் உங்கள் கண்கள் கலங்கும்!' கீழே என் பெயர்.

ஒரு வாரம் கழித்துத் திருப்பூரிலிருந்து சென்டருக்கு வீட்டுக்காரரின் போன் வந்தது. பனியன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"புஸ்தகம் பாத்தேன் ரோசு. பஸ்டாண்டுக் கடையில தொங்குச்சு. வாங்கிட்டேன்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன். கண்ணு கலங்கும்னு போட்டிருக்க. நான் பக்கத்துலதான இருந்தேன்?"

"அது நான் எழுதலங்க. அவுக சேத்தது."

"உம் பேருதான போட்டிருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சரி, பூத்துல ஆளு நிக்கிறாக, வைக்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகும் இதழ் நின்றுபோகும்வரை அந்தப் பக்கத்தை நான்தான் எழுதினேன். டச்சுகள் வந்துகொண்டே இருந்தன. செட்டுகளில் பாதி திறந்தன, அவர் ஓட்டிய செட்டு திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வந்து போனார். இப்படியே சில வருஷம். ஒரு நாள் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. முடிவு வரை ஆடுவதுதான் நேர்மை என்று நினைத்து ஏமாந்தவள் நான். நீங்கள் எந்த ஊரில், எந்த நிலைமையில் உட்கார்ந்து ஆடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் போடுவோம் என்றால் உங்கள் பெயரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அந்தக் கேசட்டை அண்ணாச்சி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. என் அக்கா மகன் இப்போதெல்லாம் போனைத் திரைக்கு நேராகப் பிடித்தால் எந்த எழுத்தையும் தமிழில் சொல்லிவிடும் என்கிறான். ஆடுங்கள் சித்தி, அந்த நாலு வரி என்னவென்று பார்த்துவிடலாம் என்கிறான். கரண்டும் இப்போது நன்றாகத்தான் நிற்கிறது. எனக்கு மனசில்லை. அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டவர் ஒருவர்தான். இனிமேல் படித்து நான் யாருக்குச் சொல்ல?