பத்திரிகை வராத வாரம்

போன வாரம் கசார்வாடியிலிருந்து மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் கைப்பேசியில் ஏதோ தமிழ்க் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். காதில் மாட்டியிருந்ததையும் மீறிக் குரல் கசிந்தது. புனேயில் தமிழ் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கிற வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. வண்டி போபோடியைத் தாண்டியபோது, மேலேயிருந்து எங்கள் பழைய சந்து தெரியுமா என்று எட்டிப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கல்யாணமாகி வந்ததும் அந்தச் சந்தில்தான் எங்களுக்கு ஒற்றை அறை. அவருக்குக் கட்கியில் தொழிற்சாலை வேலை. இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. துணைக்கு வந்த அம்மா ஊர் திரும்பிய பிறகு நான் பேச்சையே விட்டுவிட்டேன். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ரயில் நிலையக் கடையிலிருந்து வாராவாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்கி வந்து, சத்தமில்லாமல் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

எதிர் வீட்டு புஷ்பக்கா திருநெல்வேலிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்து, "அதுல என்ன போட்டிருக்கு? சத்தமா வாசிச்சா நானும் கேப்பம்லா" என்றார். சொந்தமாகப் பேச வாய் வராத எனக்கு, அடுத்தவர் எழுதியதை வாசிக்க வந்தது.

இங்கே மேத்தி என்கிற வெந்தயக் கீரையின் கசப்பு வாசனை அடித்தால் இன்றும் எனக்கு அந்த மத்தியானங்கள்தான். தமிழ் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கீரையும் கையுமாக வந்துவிடுவார்கள். மராத்திக்கார சாந்தாபாயும் வருவார். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் நான் மூச்சு வாங்கினால் போதும், "புடே காய் ஜாலா?" என்று அப்புறம் நடந்ததைக் கேட்பார். தொடர்கதையில் சுமதி என்றொரு கதாநாயகி. பிரசவ வலியோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதோடு 'தொடரும்' போட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து ரயில் நின்றது. பத்திரிகை வரவில்லை. கூட்டம் மட்டும் வந்துவிட்டது.

"பொஸ்தகம் வரலன்னா என்ன? நீயே சொல்லு" என்றார் புஷ்பக்கா.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். சுமதியைக் கட்டிலில் படுக்க வைத்தேன். அதற்குமேல் வந்தது அவள் கதை இல்லை. துணியில் சுற்றிக் கையில் கொடுத்த அந்தக் கனம், குடிக்க ஆளில்லாமல் சுரந்த பால், ஆஸ்பத்திரி வாசலில் அவர் ரிக்ஷாவை நிறுத்திவிட்டு ஏறாமலே நின்றது என்று வந்துகொண்டேயிருந்தது. முடித்தபோது கீரை ஆய்கிற கைகள் நின்றிருந்தன.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு வச்சாளா?" என்று கேட்டார் புஷ்பக்கா.

"இல்லக்கா."

"இப்ப வைக்கச் சொல்லு."

ஒரு பேர் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகுதான் அழுதேன், அத்தனை மாதத்துக்கும் சேர்த்து. சாந்தாபாய்க்கு யாரும் எதையும் விளக்கவில்லை. அவராகவே எழுந்து போய் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டு வந்தார்.

மறுநாள் காலை, சொன்னதை எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒருவழியாகப் பத்திரிகை வந்தது. அதில் சுமதிக்குக் கொழுகொழுவென்று ஆண் குழந்தை. புஷ்பக்கா உதட்டைப் பிதுக்கினார். "இந்த ஆளுக்கு என்ன தெரியும்? நீ எழுதி வாசி."

அன்றிலிருந்து வாரம் ஒரு கதை. மகா மட்டமான கதைகள்தான். பாதிப் பேருக்கு விஷக் காய்ச்சல் வரும், மீதிப் பேர் ரயிலைத் தவறவிடுவார்கள். யாரையாவது சாகடித்தால் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் கட்டாயத்தில் இரண்டு பேரை உயிரோடு எழுப்பியும் இருக்கிறேன். ஆனால் காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு என்ன எழுதலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. பிறகு ஒன்றிரண்டு கதைகள் அச்சில் வந்தன. அவர் தொழிற்சாலை முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது.

அந்தச் சந்து வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். அந்தப் பத்திரிகையும் நின்றுபோயிற்று. சாந்தாபாய் மகள் வீட்டோடு போனவர், எந்த ஊரென்று தெரியவில்லை. புஷ்பக்கா இறந்த செய்தி எனக்கு வந்து சேரவே பல மாதம் ஆயிற்று. நான் இன்னும் எழுதுகிறேன். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று செய்தி அனுப்புகிறார்கள், சந்தோஷம்தான். வாசிக்கும்போதே குறுக்கே கை நீட்டி, அவளை ஏன் அழவிட்டாய் என்று சண்டைக்கு வரத்தான் ஒருத்தியும் இல்லை.