பத்துச் சொட்டு

சுபாங் ஜெயா கருத்தரிப்பு கிளினிக்கில், நேற்று உருவான எங்கள் கருவைத் திரையில் காட்டினார் நர்ஸ்.

"நல்லா பிரியுது லா அக்கா."

நான் அதன் செல்களை எண்ணத் தொடங்கினேன். சிறுவயதில் வாழ்ந்த கிள்ளான் வீட்டுச் சமையலறையின் உப்பு வாடை மூக்கில் ஏறியது.

அப்பா கல்லூரி ஆய்வக உதவியாளர். எதையும் அளந்துதான் ஊற்றுவார். ஒரு ஞாயிறு காலை, உடம்பெல்லாம் முள்ளான கடலுயிர், கடல் முள்ளெலியின் ஆரஞ்சு முட்டைகள் கடல்நீரில் கிடந்த கண்ணாடிக் கிண்ணத்தில், ஆண் முள்ளெலியின் வெள்ளை விந்துநீரை ஒரே சொட்டு விட்டார். அவர் கை கழுவப் போனதும், நிறைய குஞ்சு வரட்டுமே என்று நான் இன்னும் பத்துச் சொட்டு விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"முதல்ல ரெண்டாத்தான் பிரியணும். இது மூணு, நாலுன்னு பிரியுது. ஒரு முட்டைக்குள்ள ரெண்டு விந்தணு பூந்துருச்சு. ஒண்ணும் பிழைக்காது. யாரு கூடுதலா ஊத்துனா?"

"தெரியலப்பா."

சாகப்போவது தெரியாமல் அவை மாலைவரை மும்முரமாகப் பிரிந்துகொண்டே இருந்தன. மறுநாள் கிண்ணம் கலங்கி நாறியது. அப்பா கால்வாயில் கொட்டினார்.

கிளினிக் திரையில் செல்களை மறுபடி எண்ணினேன். மூன்று.

"எத்தனையாம்மா பிரிஞ்சிருக்கு?" மூக்குக்கண்ணாடியை மறந்து வந்திருந்த கணவர் ஆசையாய்க் கேட்டார்.

"தெரியலங்க," என்றேன்.