பாலம் தூக்கிய மத்தியானம்

டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலை எனக்கு. என் எதிரே நின்று அடுக்கும் போலந்துக்காரி, சென்ற கோடையில் தன் தங்கை மகளின் கல்யாணத்துக்கு எங்களை அழைத்தாள். கல்யாணம் போலந்தில், கதான்ஸ்க் நகரத்தில்.

"எங்களுக்கு அங்க என்ன வேலை? ஒரு சொல்லும் விளங்காது," என்றார் கணவர்.

"சாப்பாடு விளங்கும்தானே," என்றேன். சம்மதித்துவிட்டார்.

தேவாலயத்தில் மோதிரம் மாற்றி முடிந்ததும், படம் எடுப்பதற்காக எல்லோரும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். நான் மாம்பழ நிறக் காஞ்சிபுரச் சேலையில். கரையோரம் ஒடுங்கி உயர்ந்த பழைய வீடுகள் தோளோடு தோள் முட்டி நின்றன. அந்தக் காலத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிய மரப் பாரந்தூக்கி ஒன்று, பல மாடிக் கட்டடத்தின் உயரத்தில், தண்ணீரின் மேல் குனிந்து நின்றது.

எதிர்க்கரையில் படம் நன்றாக வரும் என்று மாப்பிள்ளை பக்கத்தார் நடைபாலத்தில் முன்னே போனார்கள். பொரித்த மீன் வாசம் பிடித்துக்கொண்டு என் கணவரும் அவர்களோடு போய்விட்டார். மணமகளின் நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நாங்கள் பாலத்தடிக்கு வந்தபோது மணி அடித்தது. தடுப்பு விழுந்தது. படகுகளுக்கு வழிவிட, பாலம் அப்படியே மேலே எழும்பியது.

இனி அரை மணித்தியாலம் இறங்காது என்றாள் எங்களை அழைத்த போலந்துத் தோழி. மணமகளின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களோடு வந்த அக்கோர்டியன்காரர் நின்ற இடத்திலேயே வாசிக்கத் தொடங்கினார். எதிர்க்கரையில் மாப்பிள்ளை ஆடினார். அவருடைய மாமன்மார் ஆடினார்கள். அவர்கள் நடுவே, கையில் மீன் பொட்டலத்தோடு, என் கணவர்!

"இஞ்சாருங்கோ! என்ன செய்யிறியள்?" என்று ஆற்றுக்கு மேலால் கத்தினேன்.

"ஆடுறன்! நீரும் ஆடும்!"

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணமகளின் கையைப் பிடித்து ஆடினேன். படகில் போனவர்கள் கைதட்டினார்கள்.

பாலம் இறங்கியதும் மாப்பிள்ளை ஓடிவந்தார். மணமகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். நடுப்பாலத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பின்னால் வியர்க்க வியர்க்க வந்தார் என்னவர்.

"நல்ல மீன். உமக்கும் கொண்டு வந்தனான். ஆடேக்க ஆத்துக்க விழுந்திட்டுது."

இன்னொரு பொட்டலம் வாங்கி, கரையில் குந்தியிருந்து இருவரும் தின்றோம். படத்துக்குக் கூப்பிட்டபோது என் விரல்களில் எண்ணெய். யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.