லயத்துக்குப் பின்னால் வந்த தண்ணீர்

எழுபதுகளின் கடைசி அது. ஒப்பந்தம் என்று சொல்லி இலங்கைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மண்டபம் கேம்ப் வழியாக வந்த எங்களுக்கு எமரால்டு பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலையும், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் வீடும் கிடைத்தன. எனக்கும் அக்காவுக்கும் அடுத்தடுத்த வீடு. தண்ணீருக்குத்தான் நாய் படாத பாடு. பள்ளத்தில் இறங்கிக் குடம் சுமந்து ஏற வேண்டும்.

அந்த ஐப்பசி மழையில், லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டிலிருந்து தானாகவே தண்ணீர் ஊறி வந்தது. இலங்கையில் ஊற்றைக் கண்டால் மூங்கிலைப் பிளந்து சொருகிப் பீலி வைப்போம். குளிப்பு, துவைப்பு, ஊர்வம்பு எல்லாம் பீலியடியில்தான். இங்கேயும் வைத்தோம். அக்கா சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தாள். எங்களுக்கு அப்படியொரு சந்தோஷம்!

வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தோடு ஊற்றுகளையும் குளங்களையும் தேடிக்கொண்டிருந்த சர்வேயர் ஒருவர் மறுநாள் நனைந்தபடி வந்தார். பீலியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. படத்தை விரித்து விரல் வைத்துக் காட்டினார். லயத்துக்கு நேர் மேலே நீலமாக ஒரு குளம். அதிலிருந்து இறங்கிய ஓடை, எங்கள் வீடுகள் இருந்த இடம் வழியாகவே போனது.

"ஏனுங்க, மேல போய்ப் பார்த்தேனுங்க. குளத்தை மூடித் தேயிலை நட்டிருக்காங்க. தண்ணி உள்ளுக்குள்ளயே நிக்குதுங்க. மேடு எப்ப வேணாலும் சரியுங்க. இருட்டறதுக்குள்ள எல்லாரும் காலி பண்ணிப் போயிருங்க" என்றார்.

கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஃபேக்டரிக்கு ஓடினோம். அக்கா மட்டும் அசையவில்லை. புருஷனை இழந்தவள், தனி ஆள்.

"தோட்டத்துல ஒருக்கா, மண்டபம் கேம்ப்புல ஒருக்கா மூட்டை கட்டினேன். இனி என்னால ஏலாது. நீ போ தங்கச்சி."

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி போய்க் கூப்பிட்டேன். பீலியில் தண்ணீர் செக்கச்செவேலென்று விழுந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். "தெளிஞ்சிரும்" என்று சொல்லிக் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தாள். ஆட்களைக் கூட்டிவரலாம் என்று ஓடினேன். ஃபேக்டரி வாசலை எட்டுவதற்குள் பின்னால் மலையே இறங்கிவிட்டது. லயம் இருந்த இடத்தில் வெறும் சேறு. மண்ணைத் தோண்டித்தான் அக்காவை எடுத்தார்கள்.

அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாழ்நாள் முழுக்க யார் யாரோ ஒரு காகிதத்தைக் காட்டி அவளை வெளியே போகச் சொன்னார்கள். அன்றைக்கு வந்த காகிதம் மட்டும் அவள் உயிரைக் காப்பாற்ற வந்தது என்பதை அவள் எப்படி நம்புவாள்?