காலி நாற்காலி

பதினெட்டு முடிந்தும் வீட்டில் அவள் பாப்பாதான். மூச்சிளைப்புக்கு டாக்டரிடம் போனால் அம்மாதான் வாயைத் திறப்பாள். பெரியவர்கள் பிரிவுக்கு மாறிய முதல் நாளே புது டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

"இன்ஹேலர் தினமும் எடுக்கறீங்களா?"

பாப்பா வழக்கம்போலப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். காலி.

"வாரத்துக்கு ரெண்டு நாள்தான், டாக்டர்."

செம திட்டு விழுந்தது. முழுக்க அவளுக்கே.

வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "என்னடி சொன்னாரு?"

பாப்பா ஒன்றுவிடாமல் சொன்னாள். முறைத்த அம்மா, பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் கொடுக்காத தடித்த ஃபைலை அவள் கையில் திணித்தாள்.

"இனிமே நீயே தூக்கு."

அட்டையில் 'குழந்தைகள் பிரிவு' என்றிருந்தது. பாப்பா பேனா வாங்கி அதைக் கோடு போட்டு அடித்தாள்.