அப்பாவுக்குத் தூண்டில் போடத் தெரியாத நாள்

மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திப்பதென்று முடிவான வாரம், எங்கள் வீட்டுத் தூண்டில் தடிகள் எல்லாம் கீழ்மாடி டெனிஸ்காரரின் நிலவறைக்குக் குடிபெயர்ந்தன. அவற்றோடு அப்பாவின் கொக்கிப் பெட்டி, றப்பர் சப்பாத்து, மீன் வெட்டும் கத்தி எல்லாம் போயின. பிறகு அம்மா வீடு முழுவதும் சாம்பிராணி காட்டினார். இத்தனைக்கும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாகவே இல்லை. போகிற வழியில் எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்பது அம்மாவின் கவலை. அவர்கள் இருக்கும் டோஸ்ட்ருப்பிலிருந்து, சந்திப்பு நடக்கவிருந்த ஃப்யூன் தீவுக்கு வருகிறவர்கள், எங்கள் ஊரான இக்காஸ்டை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பாதை தவறினால்தான் உண்டு.

இக்காஸ்டில் கடல் இல்லை. எந்தக் கரைக்குப் போவதென்றாலும் காரில் ஒரு மணித்தியாலமாவது ஓட வேண்டும். அப்பா ஓடுவார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, குளித்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "வாறியோ?" என்று என்னைக் கேட்பார். வீட்டில் ஒரு பல்ப் மாற்றுவதைக்கூட நாட்கணக்கில் தள்ளிப் போடுகிறவர், கடலைக் கண்டால் வேறு ஆளாகிவிடுவார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எங்கே எறிவது என்று முடிவெடுப்பார். அவர் எறிந்தால் கொக்கி பூட்டிய தகடு சீறிக்கொண்டு போய் என் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விழும். பக்கத்தில் நிற்கும் டெனிஸ்காரர்கள் தங்கள் தூண்டிலை மறந்து அப்பாவைப் பார்ப்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஒன்பது வயதில் எனக்கு உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த விடயம் அது ஒன்றுதான்: என் அப்பாவைப்போல எறிய யாராலும் முடியாது.

அதனால் அம்மா போட்ட கட்டளை எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை.

"அப்பாக்கு மீன் பிடிக்கத் தெரியும் எண்டு அங்கை வாய் திறக்கப்படாது. விளங்கிச்சோ?"

"ஏன்?"

"சித்தியின்ரை கலியாணம் குழம்பிப்போம்."

மீனுக்கும் கலியாணத்துக்கும் என்ன தொடர்பு என்று நான் இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் விடையும் கண்டுபிடித்தேன். டென்மார்க்கில் பெரியவர்கள் மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பிடித்த தன் மாமாவுக்குப் பொலிஸ் தண்டம் போட்டதாக வகுப்புத் தோழன் ஒருவன் சொல்லியிருந்தான். ஆகவே அப்பாவிடம் லைசென்ஸ் இல்லை. அது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் கள்ளனின் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அப்பாவை நினைத்து எனக்கு அழுகையே வந்தது. என்ன நடந்தாலும் அவரைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

சித்தியின் கலியாணம் குழம்புவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அதற்கு முந்திய வருடம் ஒரு குடும்பம் அவரைப் பார்க்க வந்தது. வடை, கேசரி எல்லாம் முடிந்தபின் வந்தவர்களில் ஒரு பெரியவர், "ஊரிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தொலைபேசி வரவில்லை. சித்தி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் உள்ளேயே இருந்தார். தண்ணீர்க் காசு என்று எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற அம்மா, அன்றைக்குக் கதவைத் தட்டவில்லை.

இந்த மாப்பிள்ளை பேசி வந்தவர் அல்ல. சித்தியோடு ஒன்றாகப் படித்தவர், சித்திக்குப் பிடித்தவர். இரண்டு வீட்டாரும் தொலைபேசியில் மட்டும் பேசியிருந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எவ்வளவு பெருந்தன்மையான ஆட்கள் என்று அம்மா உருகிப்போனார். நாங்களும் கேட்கவில்லை. எங்களைப் பற்றி அவர்களும் அப்படித்தான் உருகியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கெடுத்தது மாப்பிள்ளையின் பொழுதுபோக்கு. சாமான் நிறைந்த வரவேற்பறையில் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட, டெனிஸ் நண்பனின் கோடை வீடு ஃப்யூனில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் சும்மா கிடக்கிறது, எல்லோரும் அங்கே வந்தால் என்ன என்று கேட்டார். மே மாதம், முரல் மீன் கரைக்கு வருகிற காலம், தூண்டில் போடலாம் என்றும் சொன்னார். அவருக்கு அது டெனிஸ் நண்பர்களிடம் பழகிய விளையாட்டு. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

"உலகத்திலை எவ்வளவு இடம் இருக்கு. கடற்கரையோ கிடைச்சுது?"

மஞ்சள் பூத்த வயல்களுக்கு நடுவே காரில் போகும்போது அப்பா வெள்ளைச் சட்டையும் தோல் சப்பாத்தும் போட்டிருந்தார். கடற்கரைக்குத் தோல் சப்பாத்தோடு போகிற அப்பாவை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அங்கே போய் இறங்கினால், மாப்பிள்ளையின் அப்பாவும் தோல் சப்பாத்தோடுதான் நின்றார். கூடுதலாக ஒரு கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார்.

கரையில் பெரியவர்கள் மடக்குக் கதிரைகளில், கடலுக்கு முதுகைக் காட்டாத குறையாக இருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் இடுப்புவரை றப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். முதல் மீன் வந்தது. ஊசிபோல நீண்ட வாய், வெள்ளி உடம்பு.

"எனக்கு மீன் மணமே ஒத்துவராது," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நாங்களும் வீட்டிலை கூடுதலா மரக்கறிதான்," என்றார் என் அப்பா.

எங்கள் பிரீசரில் மீன் வைக்க இடம் போதாமல் அம்மா என் ஐஸ்கிரீமை வெளியே எடுத்து உருகவிட்டது அதற்கு முந்திய மாதம்தான். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"இந்த மீனுக்கு முள்ளுப் பச்சையாம். சாப்பிட்டால் ஏதும் செய்யாதோ?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"ஆருக்குத் தெரியும், அன்ரி," என்றார் என் அம்மா. முரலில் பொரியல், குழம்பு, சொதி மூன்றும் ஒரே நாளில் வைக்கிறவர்.

அதோடு விட்டிருந்தால் நல்லது. மாப்பிள்ளை மரியாதைக்காகத் தடியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணை, ஒருக்கா எறிஞ்சு பாருங்கோ."

அப்பா அதை வீடு கூட்டும் தும்புத்தடியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். எறிந்தார். தகடு அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அடுத்து மாப்பிள்ளையின் அப்பா எழுந்து எறிந்தார். அவருடைய தகடு பின்பக்கமாகப் போய் மாப்பிள்ளையின் அம்மா இருந்த கதிரையில் கொழுவிக்கொண்டது. மறுபடியும் சிரிப்பு. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவைப் பார்த்து ஆட்கள் சிரிக்கிறார்கள், நான் ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்கிறேன். பொலிஸ் பிடித்தாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, சரி. என்னைக் காட்டலாம்தானே? பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. தடியை வாங்கினேன். அப்பா சொல்லித் தந்தபடி கால் அகட்டி நின்று, காற்றுக்குக் கொஞ்சம் சரித்து எறிந்தேன். தகடு சீறிக்கொண்டு போனது.

மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். இதை யார் சொல்லித் தந்தது என்று டெனிஸில் கேட்டார். அம்மாவின் கண் என்மேல் இருந்தது.

"பள்ளிக்கூடத்திலை," என்றேன்.

அதற்குள் மீன் மாட்டிவிட்டது. பெரிய முரல். கரைக்கு வந்ததும் மண்ணில் துள்ளிச் சுழன்றது. கெட்டித்தனத்தை முழுதாகக் காட்டிவிடுவோம் என்று அதைப் பிடிக்கக் கையை நீட்டினேன். மீன் ஒரு உதறு உதறியது. தகட்டில் தொங்கிய மூன்று முனைக் கொக்கியில் ஒரு முனை மீனின் வாயில் இருந்தது, இன்னொன்று என் சுட்டுவிரலில் ஏறிவிட்டது. மீன் துள்ளத் துள்ளக் கொக்கி உள்ளே போனது. நான் போட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

பெண்கள் எழுந்து கத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவம், யாரும் தொடவேண்டாம் என்று மாப்பிள்ளை கத்தினார். அப்பா எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாது. மண்ணில் முழந்தாளிட்டு என் கையைப் பிடித்திருந்தார். எனக்கு முன்னால் இன்னொரு ஜோடி முழந்தாளும் ஈர மண்ணில் பதிந்தது. மாப்பிள்ளையின் அப்பா. அவர் மீனைத் தலைக்குப் பின்னால் ஒரு பிடி பிடித்தார், விரலால் ஒரு திருப்புத் திருப்பினார், மீன் கொக்கியை விட்டுக் கழன்றது.

"தங்கூசி," என்றார் அப்பா.

அவர் கேட்டு முடியுமுன்னே மாப்பிள்ளையின் அப்பா நைலோன் நூலைப் பல்லால் கடித்து அறுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். அப்பா அந்தத் தங்கூசியைக் கொக்கியின் வளைவில் கொழுவிக் கையில் சுற்றினார். மாப்பிள்ளையின் அப்பா கொக்கியின் தண்டைப் பெருவிரலால் என் விரலோடு சேர்த்து அழுத்தினார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"பிள்ளை, அங்கை பார், கப்பல்," என்றார் அப்பா.

கப்பல் ஒன்றும் இருக்கவில்லை. நான் திரும்பியபோது தங்கூசியை ஒரு சுண்டு சுண்டினார். கொக்கி மண்ணில் கிடந்தது. விரலில் ஒரு பொட்டு இரத்தம்.

 பிறகுதான் அப்பா தன் கையில் சுற்றியிருந்த தங்கூசியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கையைப் பார்த்தார். சித்தி முகத்தை மூடிக்கொண்டார். எல்லாம் என்னால் போயிற்று, அப்பாவைப் பொலிஸ் கொண்டுபோகப் போகிறது என்று நான் விம்மத் தொடங்கினேன்.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக எழுந்து, முழந்தாளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"தம்பி, ஊரிலை எந்தக் கோயிலடி?"

அப்பா சொன்னார். அவர் தன்னுடைய கோயிலைச் சொன்னார். அதுவும் கடற்கரைக் கோயில்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல்வெளிதான் இருந்ததாம். அவர் சிரிக்கத் தொடங்கினார். அப்பாவும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா கதிரையை விட்டு எழுந்து வந்து, மண்ணில் கிடந்த முரலைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கொழுத்த முரல். பிள்ளை, ஒரு கத்தி தாரும். நல்ல காலம், எங்கடை ஆக்கள்," என்றார்.

கோடை வீட்டுக் குசினியில் அவர் மீனைத் துண்டு போட்ட வேகத்தை மகனே ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றார். என் அம்மா குழம்புக்குப் புளி கரைக்க, முரலுக்கு அவ்வளவு விடக்கூடாது என்று அவர் தடுத்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி வாக்குவாதப்பட்டுச் சிரித்தார்கள். சித்தி அழுதுகொண்டே வெங்காயம் வெட்டினார். வெளியே ஆண்கள் இருவரும் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி நின்று எறிந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நன்றாக எறிந்தார். என் அப்பா அவரைவிட நன்றாக எறிந்தார். எனக்கு விரல் வலி மறந்துபோனது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"அவையள் பொலிசுக்குச் சொல்லமாட்டினமோ?"

அம்மாவும் சித்தியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பாட்டை லைசென்ஸ் இருக்கு, பிள்ளை. வருசா வருசம் காசு கட்டுறனான்."

"அப்ப ஏன் ஒண்டும் தெரியாத மாதிரி நிண்டீங்கள்?"

 அம்மா றேடியோவைப் போட்டார்.

சித்தியின் கலியாணம் நன்றாக நடந்தது. சாதி என்ற சொல்லையே நான் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகுதான் ஒழுங்காக அறிந்தேன். கடலில் தொழில் செய்தவர்களின் பிள்ளைகள் என்பதை மறைக்க, கடலில்லாத ஊரில் தூண்டிலை ஒளித்து வைத்திருந்தோம் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அப்பாவை அப்படிச் சிரிப்புக்கு இடமாக நிற்கவைத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. அந்த வலி தெரிந்தவர் அம்மா என்றும் நினைத்திருந்தேன்.

போன வருடம், எனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி வீட்டில் சொன்னேன். தமிழர், நல்ல வேலை என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஊரிலை எந்தப் பக்கமாம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேசையில் தூண்டில் ரீலைப் பிரித்து வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அது என்ன சாமான் என்றே தெரியாதவர்போல அந்த ரீலைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.