மான் படம் போட்ட ஃபிலிம் சுருள்

என் கணவர் பிரபலமான ஃபிலிம் வாங்கமாட்டார். யாரும் கேள்விப்படாத பெயராகத் தேடிப் பிடிப்பார்.

அவர் காலமான பிறகு, கேமராப் பையில் கழுவாமல் கிடந்த கடைசிச் சுருளை இன்று மஞ்சக்குப்பம் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். மேலே ஒரு மான், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. கலரா, கறுப்பு வெள்ளையா என்று தெரியவில்லை.

“எல்லாம் ஒண்ணுதாம்மா. சென்னைக்கு அனுப்பி கலர் மருந்துலயே கழுவிடலாம்.”

“கறுப்பு வெள்ளையா இருந்தா?”

“அப்ப ஒண்ணும் வராது. ஜாஸ்தி யோசிக்காதீங்க, பழைய ரோல்தானே.”

திருப்பி வாங்கிக்கொண்டேன். பிச்சாவரம் படகில் நான் அவரை எடுத்த படம் அதில் இருக்கிறது. வீட்டிலுள்ள மற்ற படங்களெல்லாம் அவர் எடுத்தவை. ஒன்றிலும் அவர் இல்லை.

சுருளின் படம் கீழே. இந்த மானைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றுதான் என்பவர்கள் ஸ்டுடியோவிலேயே வேலைக்குச் சேர்ந்துகொள்ளலாம்.